மூக்கு நுழைந்த நேரம்

ஹில்டுர் தன் கணவரின் வலது மணிக்கட்டைப் பிடித்து, சன்னல் கண்ணாடிக்கு நேராக இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் இறந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கீழே கால்வாய்க் கரையில் நின்றவர்கள் பதிலுக்குக் கையாட்டினார்கள். ஒருவர் தொப்பியைக்கூடத் தூக்கினார். உயிரோடு இருந்த காலத்தில் ஆர்வோ இவ்வளவு மரியாதையாக யாருக்கும் கையாட்டியதில்லை.

ஏரிக்கரைத் துறைமுக ஊரான டுலூத்தில் அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. பறப்பது வீண் வேலை என்று முடிவு செய்து, காலையில் பதினேழு வாத்துகள் தூக்குப் பாலத்தின் நடைபாதையில் வரிசையாக நடந்து போனதாக ஆர்வோ சொல்லியிருந்தார். வாத்துகள் நடந்ததை நம்பவேண்டியதில்லை. பதினேழு என்பதை நம்பலாம். ஆர்வோ கங்காஸ் எதை வேண்டுமானாலும் இட்டுக்கட்டுவார், எண்ணிக்கையில் மட்டும் கைவைக்க மாட்டார்.

தரைதட்டிய கப்பல் ஒன்றைத் தன் காரில் கயிறு கட்டி இழுத்துத் துறையில் விட்டதாக அவர் சொல்வதுண்டு. கப்பலுக்குச் சேதமில்லை, கார்தான் கொஞ்சம் நீளமாகிவிட்டதாம். காப்டன்கள் யாரும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து வருவதில்லை, ஹில்டுரின் அடுக்களை விளக்கைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்பார். அவள் ஒருநாள் சீக்கிரம் அணைத்துவிட்டால், தாது ஏற்ற வரும் கப்பல்கள் வழிதவறி, நாட்டில் இரும்பு விலை ஏறிவிடுமாம். இதையெல்லாம் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் சொல்வார்.

ஆனால் ஜனவரியில், ஏரி உறைந்து கப்பல் போக்குவரத்து நிற்பதற்கு முன்பு வந்து சேரும் கடைசிக் கப்பல் விஷயத்தில் விளையாட்டே கிடையாது. கப்பலின் மூக்கு பாலத்துக்கு அடியில் நுழைவதைத் தன் கண்ணால் பார்த்தவருக்கே அந்த வருடம் கணக்கில் சேரும். வால் தெரிந்தது, புகை தெரிந்தது என்பதெல்லாம் செல்லாது. விதியை ஏற்படுத்தியவர் ஆர்வோ. அதில் அடிபட்டவர் மெல்வின் ஸ்டோர்விக். இருவரும் ஒரே குளிர்காலத்தில் பார்க்கத் தொடங்கியவர்கள். முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு ஜனவரியில், மூக்கு நுழைந்த நேரத்தில் மெல்வின் மதுக்கடைக் கழிப்பறையில் இருந்தார். ஓடி வந்தபோது கப்பலின் நடுப்பகுதி போய்க்கொண்டிருந்தது. "முக்கால் கப்பல் பார்த்தேன்டா!" என்று கெஞ்சினார். ஆர்வோ மசியவில்லை. அன்றிலிருந்து ஊருக்கே தெரியும்: ஆர்வோ ஒன்று முன்னே, மெல்வின் ஒன்று பின்னே. இந்த ஜனவரி விடிந்தபோது ஐம்பத்தொன்று, ஐம்பது.

மூன்று வாரமாக ஆர்வோவின் இதயம் ஒப்புக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்றுவிட்டார். கால்வாய் பார்த்த மாடிச் சன்னலோரம் நாற்காலி போட்டு, கம்பளி போர்த்தி ஹில்டுர் உட்காரவைத்திருந்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு ஏரியின் விளிம்பில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. முழுக்க உறைபனி மூடி, கப்பல் என்பதைவிட நகரும் மலை மாதிரி இருந்தது.

"வர்றா," என்றார் ஆர்வோ. கப்பல் என்றால் அவருக்கு எப்போதும் பெண்தான். "எப்பவும்போல லேட்டு."

ஹில்டுர் காபிக் கெட்டிலை இறக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. அவள் கெட்டிலைக் கீழே வைக்கவும் மறந்து, அதைப் பிடித்தபடியே, தினமும் வந்து அவரைப் பார்த்துப் போகும் நர்ஸுக்குப் போன் செய்தாள்.

"ஐயோ, ஹில்டுர். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேனே. மணி அடிச்சுட்டான், கேட்டும் இறங்கிடுச்சு. கப்பல் போனதும் ஓடி வந்துடறேன்."

"மெதுவா வா," என்றாள் ஹில்டுர். "அவரு எங்கயும் போகல."

கெட்டிலை வைத்தாள். சன்னலுக்கு வந்தாள். கீழே கரையில் மெல்வின் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வீசிக்கொண்டிருந்தார், மாடியைப் பார்த்து. ஆர்வோவிடமிருந்து பதில் போகாவிட்டால் அந்த மனிதர் கப்பலை விட்டுவிட்டுப் படியேறி ஓடி வந்துவிடுவார். இன்னொரு மூக்கையும் தவறவிடுவார். அதற்கும் ஆர்வோதான் காரணம் என்றாகிவிடும். இப்படியெல்லாம் அவள் யோசித்தாளா என்றால், அப்போது அவள் யோசித்தது ஒன்றுதான்: கை இன்னும் சூடாக இருக்கிறது. அதைத் தூக்கினாள்.

கப்பல் மூன்று நீளமும் இரண்டு குட்டையுமாக ஊதியது. பாலம் அதே மாதிரி பதில் ஊதியது. கண்ணாடி அதிர்ந்ததில் ஆர்வோவின் தாடை லேசாக அசைந்தது, ஏதோ ஆட்சேபம் இருப்பதுபோல. வெள்ளை மூக்கு பாலத்துக்கு அடியில் நுழைந்தது. கப்பல் முழுக்கப் போகும்வரை ஹில்டுர் ஆட்டிக்கொண்டே இருந்தாள். முந்நூறு மீட்டர் கப்பல். தோள் வலித்தது.

பிறகு கையை மடியில் வைத்து, கம்பளியை இழுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

படியில் பூட்ஸ் சத்தம் தடதடவென்று ஏறியது. "ஐம்பத்திரண்டு!" என்று மெல்வினின் குரல் அவருக்கு முன்னால் வந்தது. "திருட்டுக் கிழவா! கதகதன்னு உட்கார்ந்துக்கிட்டு எண்ணிக்கைய ஏத்துற. நாங்க அங்க மூக்கு உடைஞ்சு விழற குளிர்ல..."

கதவருகே நின்றுவிட்டார். பார்த்தார். காது மூடிய தொப்பியைக் கழற்றினார். புருவத்திலிருந்த பனி உருகி மூக்கு வழியாக இறங்கியது. துடைக்கவில்லை.

அறைக்குள் இரண்டு எட்டு வைத்தார்.

"இப்பவா?" என்றார்.

ஹில்டுர் அவரைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐம்பத்திரண்டு. கரை முழுக்கச் சாட்சி இருக்கிறது. கையாட்டியதை எழுபது பேர் பார்த்திருக்கிறார்கள். காபிக்கடையில் இனி எத்தனை ஜனவரி வந்தாலும், இவளுடைய கிழவர் கடைசி நிமிடத்தில் மூக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார் என்றுதான் சொல்வார்கள். அதுவும் அவர் சொன்ன கதைகள் மாதிரியே அழகான கதைதான்.

"ஒன்னு பத்து," என்றாள்.

மெல்வினின் உதடு அசைந்தது. மூக்கு நுழைந்தது ஒன்று இருபத்திரண்டு. அது அவருக்கு வினாடி சுத்தமாகத் தெரியும்.

"ஆனா கையாட்டினானே."

"நான் ஆட்டினேன்."

மெல்வின் நாற்காலி தேடி உட்கார்ந்தார். "கண்ணு திறந்திருந்துச்சா?"

"திறந்திருந்துச்சு."

"அப்புறமென்ன? கண்ணு திறந்திருக்கணும், கப்பல் பக்கம் திரும்பியிருக்கணும். மூச்சு இருக்கணும்னு விதியில எங்க இருக்கு? ஐம்பத்திரண்டு. நான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? கழிப்பறையில இருந்து நீ ஓடி வந்தப்போ இந்த மனுஷன் விட்டுக்கொடுத்தாரா?"

"இல்ல, படுபாவி."

"அப்போ அவருக்கும் விட்டுக்கொடுக்க வேணாம்." ஹில்டுரின் முதுகு நிமிர்ந்தது. "மெல்வின், ஐம்பத்து நாலு வருஷம் இந்த மனுஷனோட இருந்தேன். வாத்துல இருந்து வானம் வரைக்கும் எல்லாத்துலயும் பொய். கல்யாணத்தன்னைக்கே, தனக்கு மூணு படகு இருக்குன்னு எங்கப்பாகிட்ட சொன்னாரு. துடுப்புகூடக் கிடையாது. ஆனா இந்த எண்ணு இருக்கு பாரு, இது மட்டும் சுத்தம். நான் போய் அதுல சேறு பூசுவேனா? ஐம்பத்தொன்னு. கடையில போய் அப்படியே சொல்லு."

மெல்வின் தொப்பியை முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். இப்போது இருவரும் சமம் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாமல் இல்லை.

"சொல்றேன்," என்றார் கடைசியில். "ஐம்பத்தொன்னு. நான் ஐம்பது."

"உனக்கும் ஐம்பத்தொன்னு ஆச்சே. இன்னைக்குப் பார்த்தியே."

"எங்க பார்த்தேன்? மேல பார்த்துக்கிட்டு இருந்தேன். இவன் ஆட்டுற ஆட்டத்தப் பார்த்து, என்னடா இது, என்னைக்கும் இல்லாத மரியாதை, இந்த நாய்க்கு என்ன ஆச்சுன்னு அண்ணாந்துக்கிட்டு நின்னேன். குனிஞ்சப்போ மூக்கு உள்ள போயிடுச்சு."

ஹில்டுர் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "நிஜமாவா?"

"நான் என்ன உன் புருஷனா, பொய் சொல்ல?"

அவள் ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டு அறுத்து, காபியோடு அவர் முன்னால் வைத்தாள். மெல்வின் ரொட்டியைக் காபியில் நனைத்தார். நனைத்தது கரைந்து உள்ளே விழும்வரை வாயில் போடவில்லை.

"அடுத்த வருஷம் சமமாயிடுவேன்," என்றார். "அதுக்கடுத்த வருஷம் தாண்டிடுவேன். அவன்கிட்ட சொல்லிவை."

"நீயே சொல்லு."

மெல்வின் எழுந்து போய் ஆர்வோவின் காதருகே குனிந்தார். என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. சொல்ல ஐந்து வினாடி ஆகும் விஷயத்துக்கு அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

பாலம் இறங்கிவிட்டது. நர்ஸ் மூச்சிரைக்க வந்து, ஹில்டுரைக் கட்டிக்கொண்டாள். குழாயை வைத்து ஆர்வோவின் நெஞ்சைக் கேட்டாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு, "எத்தனை மணிக்குன்னு ஞாபகம் இருக்கா, ஹில்டுர்? சுமாரா சொன்னாப் போதும்," என்றாள்.

"சுமாரெல்லாம் வேணாம். ஒன்னு பத்து."

நர்ஸ் எழுதினாள். எழுதியது சரிதானா என்று ஹில்டுர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

பின்பக்க அறையின் சன்னல் துறைமுகத்தைப் பார்த்தது. அங்கே போய் நின்றாள். எதிர்க்கரையில் கப்பலைக் கட்டியிருந்தார்கள். ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு, மரச்சுத்தியலால் அதன் பக்கவாட்டில் உறைந்திருந்த பனியைத் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். பாளம் பாளமாக அது விழ விழ, கடைசி எழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கப்பலின் பெயர் வெளியே வந்துகொண்டிருந்தது. ஹில்டுர் கையைக் கட்டிக்கொண்டு, மூக்கை ஒட்டியிருந்த முதல் எழுத்து தெரியும்வரை நின்றாள்.