வால் வெட்டாத மீன்கள்

மூன்றாவது பொத்தானைத் துளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் லாரி பின்னோக்கி வரும் பீப் சத்தம் கேட்டது. ஹில்யா கையை எடுக்கவில்லை. கணவர் வெய்க்கோவின் மார்பில் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சட்டைதான் தொளதொளத்தது. புற்றுநோய் அவரை அப்படிச் சுருக்கிவிட்டிருந்தது. விடிவதற்கு முன் மூச்சு நின்றது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. இனி சவ வண்டி வர வேண்டும்.

பொத்தானைப் பாதியில் விட்டு ஜன்னலுக்குப் போனாள். சவ வண்டி இல்லை. மீன் பண்ணையின் லாரி. நீலத் தொட்டிகள் நிறையச் செத்த சால்மன் மீன்கள்.

"கடவுளே, இன்னிக்கா!"

வெய்க்கோவின் தம்பி ஊர்ஹோ ஏலக்காய் ரொட்டியை மென்றபடி சமையலறையிலிருந்து வந்தான். ராத்திரி முழுக்க அழுத கண்கள்.

"திருப்பி அனுப்பிடவா, அண்ணி?"

"எங்க அனுப்புவ? குப்பைமேட்டுக்குத்தான் போகும். இங்கயே விட்டா சாயங்காலம் கரடி வாசல்ல நிக்கும்."

"அப்ப நானே ஓடையில போட்டுடறேன்."

"நீயா? போன வருஷம் நாத்தம்னு காரை விட்டே எறங்காத ஆளு."

"அது போன வருஷம்," என்றான் ஊர்ஹோ. ரொட்டியை வைத்துவிட்டு வெளியே போனான்.

அந்த மலைச்சரிவில் வருடத்தில் பாதி நாள் மழை. கடலிலிருந்து எழும் மேகம் ஸ்ப்ரூஸ் மரக்காட்டில் மோதிக் கொட்டும். மழை மண்ணைக் கழுவ, மண்ணின் சத்து ஓடையில் இறங்கும், ஓடை ஆற்றில், ஆறு கடலில். தண்ணீர் மறுபடி மேகமாக ஏறிவிடும். ஆனால் மேகம் வெறுங்கையோடு வருகிற விருந்தாளி. உப்பையும் உரத்தையும் கடலிலேயே போட்டுவிட்டு வரும். அவற்றை மேட்டுக்குச் சுமந்து வர இந்தக் காட்டுக்குக் கிடைத்த பெரிய சுமைகாரன் சால்மன்தான். ஓடையில் பிறந்து, கடலில் தின்று கொழுத்து, பிறந்த இடத்துக்கே எதிர்த்து ஏறி, முட்டையிட்டுச் சாகும். கரடி அதை இழுத்துப் போய்ப் பாதி தின்று மீதியை மரத்தடியில் விடும். தண்ணீரில் கிடப்பதைப் பூச்சிகள் தின்னும், பூச்சிகளை அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் தின்னும். ஓடையோர மரங்களின் கட்டையைச் சோதித்தால் கடலில் இருந்த நைட்ரஜன் அதில் இருக்கும். முதல்முறை அதைக் கேள்விப்பட்ட அன்று வெய்க்கோ சாப்பாட்டு மேசையைத் தட்டி, "இது நடந்து வந்த கடல்டி," என்று சிரித்தது ஹில்யாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

இவர்கள் ஓடையில் அந்தச் சுமைகாரன் நின்றுபோய் வெகுகாலம். சாலைக்கடியில் பதித்த குழாய் வழியை அடைத்துவிட்டது. குழாயைத் தோண்டி எடுத்துப் பாலம் கட்டிய பிறகும் மீன் திரும்பவில்லை. அதனால் பண்ணையில் வயிற்றைக் கிழித்து முட்டை எடுத்தபின் மிஞ்சும் மீன் பிணங்களை வெய்க்கோ வரவழைத்து ஓடைக்குத் தீனியாகப் போட்டார். வசந்தத்தில் குஞ்சுகளை விட்டார். ஆண்டுதோறும் எண்ணிக்கைக்காரர்கள் ஓடை நெடுக நடந்து, தானாக ஏறி வந்து செத்த மீன் உண்டா என்று தேடி, 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சவ வண்டியில் லைல் வந்தான். கறுப்புக் கோட்டு, கலங்காத முகம். அவனும் உதவியாளும் வெய்க்கோவைத் துணியில் சுற்றித் தூக்கும்போது ஹில்யா குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். விளக்கை அணைத்தாள், மறுபடி போட்டாள். மருந்துப் புட்டிகளை ஒரு டப்பாவில் அள்ளி, டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா," என்றான் லைல்.

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். நீ உன் வேலையப் பாருப்பா."

வண்டிக் கதவு மூடிய பிறகுதான் அவள் ஓடைப் பக்கம் பார்த்தாள். லாரி போயிருந்தது. தொட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. ஊர்ஹோ அண்ணனின் நீளமான ரப்பர் பூட்ஸில் கரையேறி வந்துகொண்டிருந்தான். கோட்டெல்லாம் செதில்.

"முடிஞ்சுது, அண்ணி. அண்ணன் இருந்தாக்கூட இவ்ளோ சீக்கிரம் முடிச்சிருக்க மாட்டாரு."

அவள் தொட்டிகளைச் சுற்றி வந்தாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். காலி.

"வாலெல்லாம் எங்க?"

ஊர்ஹோ கவிழ்ந்த தொட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்தான்.

"ஊர்ஹோ. வெட்டின வாலு எங்கன்னு கேக்கறேன்."

பண்ணை மீனை ஓடையில் போடுமுன் வாலை வெட்டியாக வேண்டும். வாலில்லாதது கொண்டுவந்து போட்டது, வாலிருப்பது தானாக வந்தது. எண்ணிக்கைக்காரர்கள் வாலுள்ளதைத்தான் எண்ணுவார்கள். நாளைக் காலை வருகிறார்கள்.

"மறந்துட்டியா?"

"மறக்கல," என்றான். பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒரு வருஷமாவது அண்ணன் ஓடையில மீன் வந்துச்சுன்னு எழுதட்டுமே. பேப்பர்ல வரும். சர்ச்சுல சொல்லுவாங்க. பாவம் அண்ணி அவரு, சாகற வரைக்கும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே கேட்டுட்டுப் போயிட்டாரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஹில்யா சர்ச்சில் அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

"ஓடை சரியாயிடுச்சுன்னு எழுதிடுவான்டா. அப்புறம் தீனி எதுக்கும்பான், குஞ்சு எதுக்கும்பான். அடுத்த வருஷம் லாரி வராது. பசியில கெடக்கறவன் வயிறு ரொம்பிடுச்சுன்னு நாமளே சொல்லிட்ட மாதிரி." கையை நீட்டினாள். "பூட்ஸைக் கழட்டு."

"வண்டி நிக்குது, அண்ணி. அண்ணன் உள்ள..."

"அவரு காத்திருப்பாரு. இதுக்குன்னா எவ்ளோ நேரம் வேணா நிப்பாரு."

சாவு வீட்டுக்கென்று போட்ட கறுப்புப் பாவாடையைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு கத்தியோடு இறங்கினாள். தண்ணீர் முழங்காலில் சில்லென்று அழுத்தியது. கல்லிடுக்கில், விழுந்த மரத்தடியில், நுரைக்குள் எங்கும் வெள்ளை வயிறுகள். ஒவ்வொன்றாகப் பிடித்து, தொடையில் அழுத்தி, அறுத்து, வாலைக் கரைக்கு எறிந்தாள். கரையில் ஊர்ஹோ வெறும் சாக்ஸோடு வாளியில் பொறுக்கினான். சற்று நேரத்தில் அவனும் பேசாமல் சாக்ஸைக் கழற்றிவிட்டு இன்னொரு கத்தியோடு இறங்கினான்.

"இந்தக் குளிருல எனக்கும் சேத்து ஒரு வண்டி சொல்லிடுங்க," என்றான்.

"லைலுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு அழுகையாக மாறியது. இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு அறுத்தார்கள்.

அவன் கீழ்ப்பக்கம் போனான். அவள் மேலே போனாள். நிறுத்த முடியவில்லை. ஒரு மீன் கைக்கு வந்ததும் கண் அடுத்ததைத் தேடியது. பாலத்தைத் தாண்டி வளைவுக்கு வந்துவிட்டாள். ஊர்ஹோ இவ்வளவு தூரம் வந்து எறிந்திருக்க மாட்டான் என்று தோன்றியபோது வேருக்கடியில் ஒன்று கிடந்தது. வாலைப் பற்றினாள். கத்தியை வைத்தாள்.

விரலுக்குச் சொரசொரவென்றிருந்தது.

தூக்கிப் பார்த்தாள். வால் ஓரம் தேய்ந்து, தோல் போய், வெள்ளை முள் தெரிந்தது. முட்டையிட வரும் பெண் மீன் வாலால்தான் கூழாங்கல்லைத் தோண்டிக் குழி பறிக்கும், இட்டபின் வாலாலேயே மூடும். பண்ணைத் தொட்டி சிமெண்ட். அங்கே தோண்ட ஒன்றும் கிடையாது. ஹில்யா மீனின் கத்தி படாத வயிற்றை அழுத்தினாள். காலிப் பை போல மடங்கியது.

மீனை அது கிடந்த இடத்திலேயே, வாலோடு, திரும்ப வைத்தாள். உருளாமலிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள்.

"அண்ணி!" கீழிருந்து ஊர்ஹோ கத்தினான். "லைல் கேக்கறான். கெளம்பலாமா?"

அவள் ஓர் அடி எடுத்தாள். எடுத்த கால் தண்ணீருக்கு மேலேயே நின்றது. அடியில் கூழாங்கல் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. எதற்கடியில் முட்டை, எது வெறும் கல் என்று தெரியவில்லை. பக்கத்து மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், அசையாமல் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.