உனக்காகத்தான்

மாரிசெல்வி வளையல் அட்டைகளைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டிருந்தபோது போனில் அந்தச் செய்தி வந்தது. தெரியாத எண். 'ஒன் மாப்பிள்ளைய நேத்து பாத்தேன். கொஞ்ச நாளைக்குக் கட்டில விட்டு எந்திரிக்க மாட்டான். கோபப்படாத. எல்லாம் உனக்காகத்தான்.' எண் மாறி வந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நிமிர்ந்து கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தாள். எதிரே தினமும் ஜெராக்ஸ் கடை நிழலில் கறுப்பு வண்டியைச் சாய்த்து நிறுத்தி, அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பவன் இன்று அங்கே இல்லை. அவன் இல்லாததைப் பார்த்த பிறகு செய்தியை மறுபடி படித்தாள்.

தெற்கு ரத வீதியில் அந்த ஃபேன்ஸி ஸ்டோருக்கு அவள் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. குருவிகுளம் பக்கம் கிராமம். காலை பஸ்ஸில் வந்து விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். கூட வேலை பார்ப்பவள் ஆபிதா பானு, கடையநல்லூரிலிருந்து இங்கே வாழ வந்தவள். பானுவின் கணவன் அப்துல்லா சவூதியில் இருந்தான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடை காலியாக இருக்கும்போது பானு போனில் தொடர்கதை வாசிப்பாள். கதைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பெண், இரண்டு ஆண்கள். ஒருவன் டாக்டரோ வாத்தியாரோ, அவளிடம் கேட்டுக் கேட்டு நடப்பவன். இன்னொருவன் கறுப்புக் காரில் வந்து இறங்குபவன், கண்கள் சிவந்தவன், அவள் மணிக்கட்டைப் பிடித்து நீ எனக்கு மட்டும்தான் என்பவன். மாரிசெல்வி டாக்டர் பக்கம், பானு கார்க்காரன் பக்கம். உரிமையோடு கோபப்படுபவன்தான் ஆம்பிளை என்பது பானுவின் கட்சி. எங்க ஆளு கோபப்பட ஆரம்பிச்சா அதுக்குள்ள நெட்டு கட்டாயிருது என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அவன் கடைசியாக எப்போது பேசினான் என்று போனில் பார்ப்பாள்.

வண்டிக்காரன் எதிரே நிற்கத் தொடங்கியது தை மாதத்தில். மாரிசெல்விக்கு நிச்சயதார்த்தம் முடிந்த சமயம். அவன் கிட்டே வந்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் கடைக்குப் பொட்டு வாங்க வந்த ஒருவன் சில்லறை கொடுக்கிற சாக்கில் அவள் விரலைப் பிடித்து அழுத்தினான். அவன் தெருவில் இறங்கியதும் வண்டிக்காரன் போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஜெராக்ஸ் கடைச் சுவரோடு சாய்த்ததைக் கதவு வழியாக இருவரும் பார்த்தார்கள். ஒன் ஹீரோடி என்று பானு அவள் இடுப்பில் கிள்ளினாள். அன்றிலிருந்து அவன் ஹீரோ. ஹீரோ வந்துட்டானா, ஹீரோ இன்னைக்கு நீலச் சட்டையா என்று பானு கேட்பாள். மாரிசெல்வி முறைப்பாள். ஆனால் காலையில் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். அது அவளுக்கே தெரியும். யாருக்கும் தீங்கில்லாத விளையாட்டு என்று இருந்தது. பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவன் வண்டி ஊர் எல்லை வரைக்கும் வந்த அன்றுதான் முதல்முறையாக அவள் பயந்தாள். அதற்குப் பிறகு கதவுப் பக்கம் பார்ப்பதை விட்டாள். கல்லாவுக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்றாள். முதுகிலேயே அவன் பார்வை நின்றது. பானுவிடம் சொன்னபோது, அவன் என்ன செய்திரப் போறான், கதையில வர்றவன் மாதிரி மனசுக்குள்ள வச்சிருக்கான் என்றாள்.

மாரிசெல்வி காட்டிய செய்தியை பானு இரண்டு தடவை படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். உன் நம்பர் எப்படி அவனுக்குப் போச்சு என்று மட்டும் கேட்டாள். மாரிசெல்விக்குத் தெரியவில்லை. போன வாரம் ரீசார்ஜ் கடையில் நம்பரை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. தனக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

அவளுக்கு நிச்சயம் செய்திருந்த ஆறுமுகச்சாமிக்குச் சிவகிரியில் உரக்கடையில் வேலை. முந்தின நாள் சாயங்காலம் வண்டியில் திரும்பும்போது நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டான் என்று அவன் அம்மா போனில் சொன்னாள். டவுன் அரசு ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், கை உடைந்திருப்பதாகவும், உன் அப்பாவுக்குச் சொல்லியாச்சு, நீ பயப்படாதே என்றும் சொன்னாள். மாரிசெல்வி கடையில் சொல்லிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்த தூரத்தில் எத்தனை வண்டிகள் அவளைக் கடந்தனவோ அத்தனை முறையும் சுவரோரம் ஒதுங்கினாள்.

அவன் அம்மா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். வாய் வீங்கியிருந்ததால் பாதி கழுத்தில் வழிந்தது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். எத்தனை கதைகளில் கார்க்காரன் டாக்டரை அடித்திருப்பான். ஒரே அடியில் டாக்டர் சுருண்டு விழுவான், அடுத்த அத்தியாயத்தில் அவளை விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போவான். அடி வாங்கியவனுக்குக் கஞ்சி ஊட்டுகிற அம்மா ஒருத்தி உண்டென்று எந்தக் கதையிலும் அவள் வாசித்ததில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா வெந்நீர் வாங்கி வரப் போனாள்.

ஆறுமுகச்சாமி அவளைப் பார்க்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நாய் வரல. அவன் உன் பேரச் சொல்லித்தான் அடிச்சான்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னா எல்லாரும் உன்னையத்தான கேப்பாக என்றான். பிறகு, அடித்தவனை அவளுக்குப் பிடிக்கும் என்றால் இப்போதே சொல்லிவிடலாம் என்றும், வீட்டில் தானே ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னான். சொல்லும்போது அவன் உதடு கோணியது. வீக்கத்தாலா, அழுகையாலா என்று தெரியவில்லை.

"இல்ல," என்றாள். "அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

அவன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "செல்வி, எனக்குப் பயமா இருக்கு. வெளிய வண்டிச் சத்தம் கேட்டா ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வருது. ஆம்பிள இப்படிச் சொல்லக் கூடாதுன்னு தெரியும்."

"எனக்கும்தான்," என்றாள்.

அதைச் சொன்ன பிறகு அவளுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. பயம் குறையவில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்கவில்லை. அப்பா சண்முகையாவுக்கு உண்மை தெரிந்தால் முதலில் வேலையை நிறுத்துவார். நீ பல்லைக் காட்டாமலா அவன் வந்தான் என்று அம்மா கேட்பாள். ஊரில் அதையே வேறு வேறு வார்த்தைகளில் கேட்பார்கள். இதையெல்லாம் அவனிடம் சொன்னாள். கண்ணாடி முன்னால் நின்றதையும் சொன்னாள். அவன் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டான். அடுத்த செய்தி அவன் கட்டிலருகே அவள் நின்றுகொண்டிருக்கும்போதே வந்தது. 'அவன்கிட்ட இவ்ளோ நேரம் என்ன பேச்சு.' இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே வேப்பமரமும் ஆட்டோக்களும்தான் தெரிந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆறுமுகச்சாமியை வீட்டுக்கு அனுப்பிய அன்றே, அம்மாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு, இருவரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். பானு ஆஸ்பத்திரி வாசலில் வந்து சேர்ந்துகொண்டாள். வரும் வழியெல்லாம் அவள் மாரிசெல்வியின் முந்தானையை விரலில் சுற்றிப் பிடித்திருந்தாள். உள்ளே இருந்த போலீஸ்கார அம்மா பொறுமையாகக் கேட்டார், செய்திகளைப் படித்தார், எழுதிக்கொண்டார். அவன் பேர் என்ன என்று கேட்டார். மாரிசெல்வி பானுவைப் பார்த்தாள். பானு தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை மாதம் அவன் சட்டை நிறத்தைப் பேசியிருக்கிறார்கள், அவன் நிற்கிற சாய்மானத்தைப் பேசியிருக்கிறார்கள். பேர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. அந்த எண்ணுக்கு நிலையத்திலிருந்தே அடித்துப் பார்த்தார்கள். அணைத்து வைத்திருந்தான். விசாரிக்கிறோம், எங்கேயாவது பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்.

படியில் இறங்கும்போது வெயில் கண்ணைக் குத்தியது. ஆறுமுகச்சாமி கழுத்திலிருந்து துணித் தொட்டிலில் தொங்கவிட்ட கையோடு மெதுவாக இறங்கினான். கடைசிப் படியில் நின்றுவிட்டான். அவன் பார்த்த பக்கம் மாரிசெல்வியும் பார்த்தாள். சாலைக்கு எதிரே சர்பத் கடை முன்னால் கறுப்பு வண்டி நின்றது. வண்டிக்காரன் அதன்மேல் உட்கார்ந்து டம்ளரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான். தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள் என்பது போன்ற சிரிப்பு. அவனை முழுசாக அவள் பார்த்தது அன்றைக்குத்தான். மீசை இன்னும் சரியாக அரும்பாத முகம், கன்னத்தில் பருக்கள், டம்ளரைப் பிடித்திருந்த கையின் முட்டிகளில் உரிந்த தோல். ஆறுமுகச்சாமியின் மூச்சு அவள் காதோரம் வேகமாகக் கேட்டது. அவன் போகவில்லை. அவள் தோளை ஒட்டியே நின்றான். அவன் உடம்பு நடுங்குவது அவளுக்குள்ளும் வந்தது.

அவள் நிலையத்தைப் பார்த்துத் திரும்பிக் கூப்பிட்டாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரைச் சொல்கிறாய் என்று ஒரு குரல் கேட்டது. சொல்வதற்கு அவளிடம் பேர் இல்லை. கையைத் தூக்கிச் சாலைக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். அவன் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது. அவள் கை தோளிலிருந்தே ஆடியது. வளையல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அவள் கையை இறக்கவில்லை.