சுண்டவைத்த மருந்து

வலிப்பு நின்று பாப்பா துவண்டு கிடந்தபோது, என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அருள்பாண்டி முந்திக்கொண்டான்.

"ஓஆர்எஸ் பொடிதான் சார். பச்சத்தண்ணியில கலக்கல. கஷாயம் மாதிரி நல்லாச் சுண்ட வச்சுத்தான் குடுத்தேன்."

குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டாக்டர் ரத்தக் குப்பியை அவன் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, அவன் மனைவி நாகஜோதியிடம் திரும்பினார்.

"தண்ணிதாம்மா ஆவியாப் போகும். பொடியில இருக்கற உப்பு அப்படியே நின்னுரும். பிள்ளை ஒடம்புல உப்பு ஏறிக் கெடக்கு, அதான் வலிப்பு. மெதுவாத்தான் எறக்கணும். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

முந்தின நாள் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு என்றதும் ஷேர் ஆட்டோவை அவனியாபுரத்து வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்தவன் அவன். நாகஜோதிக்குத் துணிக்கடையில் லீவு கிடைக்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் பொடியைக் கலக்கச் சொல்லித்தான் சுகாதார நிலையத்தில் கொடுத்து அனுப்பினார்கள். இவன் பொடியைக் கொட்டி அடுப்பில் ஏற்றினான். சளிக்குத் தூதுவளையை வற்ற வற்றக் காய்ச்சிக் குடித்து வளர்ந்த உடம்பு. சுண்டினால்தான் மருந்துக்கு வேகம் என்பது அவன் எண்ணம். ஆற ஆற மறுபடியும் அடுப்பில் வைத்தான். பிள்ளை மருந்தில் எச்சில் படக் கூடாதென்று ருசி மட்டும் பார்க்கவில்லை. பாப்பா தாகத்தில் கரண்டியை விடாமல் கவ்வினாள். குடிக்கிறாளே என்ற சந்தோஷத்தில் இன்னும் கொடுத்தான்.

சாயந்திரம் வந்த நாகஜோதியும் பாத்திரத்தைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. "அம்புட்டையுமா குடிச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். மிச்சத்தைப் பிளாஸ்கில் ஊற்றி, பாத்திரத்தில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிக் கழுவியவளும் அவள்தான். இப்போது அந்த நகத்தைச் சேலையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். கோபம் இல்லாமல் இல்லை. சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. ஆனால் பாப்பா தும்மினாலே சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருகிறவன். தெரிந்தால் தாங்க மாட்டான். முதலில் பாப்பா கண்ணைத் திறக்கட்டும்.

அவன் திரும்பி வந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன சொன்னாரு?"

"ட்ரிப் ஏறுதுல்ல, பாப்பம்னாரு."

அவன் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்தான். "பிள்ளைக்கு வாய் காஞ்சு கெடக்கே. ஒரு வாய் குடுப்பமா?"

"வேணாங்க. வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதாம்."

தலையாட்டினான். காலையிலிருந்து அவனும் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் அலைந்துகொண்டிருந்தான். "வீணாத்தான போகும்" என்று மூடியில் ஊற்றியவன், அவள் கையை நீட்டுவதற்குள் ஒரே மடக்காக வாயில் விட்டுக்கொண்டான்.

விழுங்கவில்லை. கன்னம் புடைத்தபடி அப்படியே நின்றான். கண்கள் மட்டும் மெதுவாகக் கட்டிலின் பக்கம் திரும்பின.