நூறு மீட்டர் திருடன்

நகைக்கடையிலிருந்து ஓட்டப்பந்தயக்காரன் மின்னல் ஓடிய ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. புறப்பாடு பிரமாதம், கைவீச்சு பிரமாதம், தோளில் தொங்கிய பைகூட ஆடவில்லை. சிக்கல் என்னவென்றால், அவன் நூறு மீட்டர்தான் ஓடினான். பதினைந்து வருடப் பழக்கம். நூறாவது மீட்டரில் நெஞ்சு தானாக முன்னால் சாய்ந்தது, கால்கள் தானாகத் தளர்ந்தன. இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, எத்தனை நொடி என்று பார்க்கத் திரும்பினான். கடிகாரம் இருக்கவேண்டிய இடத்தில் போலீஸ் ஜீப் நின்றது.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் ஊரில் மூன்றே பேர். மின்னலின் அக்கா, அக்காவின் புருஷன், அப்புறம் அந்தக் கடையின் காவலாளி. காவலாளியின் நெற்றிக்கு நேராக மின்னல் துப்பாக்கியை நீட்டியிருந்தான். வழியை விடாமல் நின்றவரைப் பிடித்துத் தள்ளியும் இருந்தான். கல்படியில் விழுந்ததில் அவருடைய முழங்கால் சில்லு உடைந்தது, முன்பற்கள் இரண்டு போயின.

அந்த இரண்டு பற்களைச் செய்து கொடுத்தவர் அக்கா புருஷன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, வீட்டுப் பின்கட்டுப் பட்டறையில் பல்செட் செய்வது அவர் தொழில். ஊரில் அவருக்குப் பல்காரர் என்றே பெயர். ஓட்டக் கழகத்தின் செயலாளரும் அவர்தான். மின்னல் நீட்டிய துப்பாக்கி கழகத்துச் சொத்து. பந்தயத்தைத் தொடங்கிவைக்கச் சுடுவது. சத்தம் மட்டும் வரும், குண்டு வராது. செயலாளர் என்ற முறையில் பல்காரர் அதைத் தன் வீட்டு அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தார். மச்சானுக்கு இடம் தெரியும். ஐந்து வருடமாக அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் பல்காரரின் கை தானாகப் போர்வைகளுக்கு அடியில் போய்த் துழாவியது.

ஐந்து வருடம் உள்ளே இருந்துவிட்டு மின்னல் வந்தான். வேறு போக்கிடம் இல்லாததால் பட்டறையிலேயே பாய் விரித்துக்கொண்டான். சுவர் முழுக்க மரத்தட்டுகள். தட்டுகள் முழுக்க ஊராரின் வாய் அச்சுகள். ஜெயிலில் இத்தனை பேர் தன்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கவில்லை என்று அவன் சொன்னான். காலையில் எழுந்து மைதானத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவான். ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போது தலையைக் குனிந்தபடி கேட்டான்.

"மாமா, தொடர் ஓட்டத்துல என்னைச் சேத்துப்பாங்களா?"

பல்காரர் பதில் சொல்வதற்குள் மனைவி சொல்லிவிட்டாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வீட்டிலும் அதே குரல்தான். "சேத்துப்பாங்க. மாமா பேசுவார். இந்த வாரமே பேசுவார்." பிறகு கணவரைப் பார்த்தாள். "என்ன, நியூட்ரல்லயே நிக்கறீங்க?"

கழகக் கூட்டம் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியிலிருந்த, தைல வாசம் வீசும் அறையில் நடந்தது. தலைவர் மாட்டு டாக்டர். பயிற்சியாளர், பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் அம்மாள். மூன்றாவது ஆள் பல்காரர், நான்காவது ஆள் செருப்புக்கடைக்காரர். மின்னல் போனதிலிருந்து ஊர்களுக்கு இடையிலான தொடர் ஓட்டத்தில் ஐந்து முறையும் கடைசியாக வந்திருப்பதைக் கணக்கம்மாள் எடுத்துச் சொன்னார். இப்போது மின்னலின் இடத்தில், மூன்றாவதாக ஓடும் பியானோ பழுதுபார்ப்பவர், கீழே விழுந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி ஓடுகிறார் என்றும் சொன்னார். தண்டனையை அனுபவித்தாயிற்று, இன்னும் எத்தனை காலத்துக்கு என்று கேட்டார்.

செருப்புக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு காலத்தில் மின்னலின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தவர்கள். அதைக் கிழிக்கச் சொன்ன அன்று வீட்டில் நடந்த அழுகையை அவர்தான் பார்த்தார். ஓடுவது வேலை இல்லை, சோறு இல்லை. அது ஒரு கௌரவம், அதை இழந்தவன் இழந்தவன்தான் என்றார். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாட்டு டாக்டர் நடுவில் துப்பாக்கியை எடுத்தார். அதாவது, துப்பாக்கிப் பேச்சை. கோர்ட்டுக்குப் போன துப்பாக்கி திரும்பவில்லை, ஐந்து வருடமாக இரண்டு மரப்பலகையைத் தட்டிப் பந்தயம் தொடங்குகிறோம், பக்கத்து ஊர்க்காரன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரம் எல்லோரும் ஒரே குரலில் துப்பாக்கிக்காகத் துக்கப்பட்டார்கள். முழங்கால் உடைந்த மனிதரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில், முடிவெடுக்க மனமில்லாதவர்கள் எல்லாம் செய்வதை அவர்களும் செய்தார்கள். புதிதாக ஒரு விதி போட்டார்கள். குற்றம் செய்தவன் ஓட வேண்டுமென்றால், அடிபட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டு டாக்டரே படிவம் எழுதினார். "நான் முழு மனத்துடன் மன்னித்து, இவர் ஓட அனுமதிக்கிறேன்." கையெழுத்து வாங்கும் பொறுப்பு பல்காரருக்கு. காவலாளியின் வாய் அச்சு அவரிடம் இருக்கிறதே, அதைவிட நெருக்கம் என்ன வேண்டும் என்றார்கள்.

காவலாளி இப்போது ஒரு சோபாக் கடையில் வேலை பார்த்தார். பல்காரர் போனபோது கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, நாற்பது சோபாக்களுக்கு நடுவில், ஒரு காலை லேசாக மடக்கியபடி நின்றுகொண்டிருந்தார். பல்காரர் வாங்க வந்தவர் மாதிரி ஒன்றில் உட்கார்ந்தார். நீங்களும் உட்காருங்களேன் அண்ணே என்றார்.

"நாப்பது சோபா இருக்கு சார். ஒண்ணுல உக்காந்தாலும் வேலை போயிடும்."

பல் எப்படி இருக்கிறது, ஆடுகிறதா, உரசுகிறதா என்று பல்காரர் விசாரித்தார். இரண்டு பல்லைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பேச முடியும்? பேசி முடித்ததும் படிவம் இருந்த சட்டைப்பையைத் தொட்டார். காவலாளி அதற்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார். இரண்டு பல்லும் அழகாகத் தெரிந்தன.

"ஊரே பேசுது சார். எனக்குத் தெரியாதா? ஓடினவன் ஒருத்தன், மன்னிப்பு கேட்டு வர்றது இன்னொருத்தரா? அவனை வரச் சொல்லுங்க. ஓடி வர வேண்டாம். நடந்து வரச் சொல்லுங்க."

இதைக் கேட்டதும் மின்னல் பாய்க்கு அடியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டான். காவலாளிக்கு அவன் ஜெயிலிலிருந்தே ஒன்பது கடிதங்கள் எழுதியிருந்தான், ஒன்றையும் அனுப்பவில்லை. எல்லாம் முதல் வரியில் வேகமாகப் புறப்பட்டு மூன்றாவது வரியில் முடிந்துபோயிருந்தன. அக்கா அவனைப் பயிற்சிக் காரில் ஏற்றினாள். கற்றுக்கொள்பவர்கள் உட்காரும் இடத்தில் பல்காரரும், அவருக்குப் பின்னால் மின்னலும் உட்கார்ந்தார்கள். பல்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது பாதி வழியில்தான் அவளுக்கு நினைவு வந்தது. சோபாக் கடை வாசலில் வண்டியை நிறுத்தியது அவள் பக்கத்திலிருந்த இரண்டாவது பிரேக்தான்.

மின்னல் காவலாளிக்கு எதிரே போய் நின்றான். மன்னிச்சிடுங்க என்றான். காவலாளி அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. துப்பாக்கியை நீட்டியபோது மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டார்.

மின்னல் உண்மையைச் சொன்னான். "பயப்பட மாட்டீங்கன்னு நெனச்சேன். அது வெறும் சத்தம் போடற துப்பாக்கிதானே. எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதுல்ல?"

காவலாளி மடக்கியிருந்த காலை மாற்றி நின்றார்.

"சாகப்போறோம்னு நெனச்சேன் தம்பி. கடைசியா எம்பொண்ணு பேரைச் சொல்லிடலாம்னு பாத்தேன். பேரு ஞாபகம் வரல. நான் வெச்ச பேரு. உன் மாமா குடுத்த பல்லு நல்லா இருக்கு, காலும் ஓரளவுக்குத் தேவல. அந்தப் பேரு வராமப் போச்சு பாரு, அதை யாரு சரி பண்றது?"

பல்காரர் ஒரு சோபாவின் விலைச்சீட்டை உற்றுப் படித்தார். கண்ணில் எதுவும் ஏறவில்லை. போர்வைகளுக்கு அடியில் துப்பாக்கியை வைத்தது நான்தான் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வாய்விட்டும் சொல்லிவிட்டார். காவலாளி அவரைத் திரும்பிப் பார்த்து, பூட்டு வாங்கியாச்சா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் பல்காரர். ஐந்து வருடத்தில் அது அவருக்குத் தோன்றவே இல்லை.

காவலாளி மணியைப் பார்த்தார். மூன்று. கடை மேலாளர் மாடியில் மெத்தைகளின் தரத்தைச் சோதிக்கப் போகும் நேரம். நான்கு மணிவரை சோதிப்பார். குறட்டை கீழே கேட்கும். காவலாளி தொப்பியைக் கழற்றி மின்னலின் தலையில் வைத்தார். அவனைத் தோளைப் பிடித்துக் கதவோரம் நிறுத்தினார். பிறகு கடையிலேயே பெரிதான பச்சைச் சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த மாசம் முழுக்க தினம் வா. மூணுலேர்ந்து நாலு. நான் உக்காருவேன், நீ நிப்ப. கையெழுத்தை அப்புறம் பாக்கலாம்."

இப்படியாக, கொள்ளையடித்து ஜெயிலுக்குப் போனவன் ஒரு கடைக்குக் காவலுக்கு நின்றான். கணக்கம்மாளுக்குத் தலை வெடித்தது. மூன்றிலிருந்து நான்குதான் பயிற்சி நேரம். ஓட வேண்டியவன் அசையாமல் நிற்கப் பழகுகிறானே என்று பல்காரரிடம் புலம்பினார். மின்னலுக்கு நிற்பதுதான் பெரிய கஷ்டம். யாராவது கதவைச் சத்தமாகச் சாத்தினால் கால் தானாகப் புறப்பட்டுவிடும். முதல் நாள் இரண்டு முறை எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பிவந்தான். காவலாளி சோபாவில் அத்தனை சுகமாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்து, உள்ளே வந்த ஒரு தம்பதி அதே சோபா வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அந்த மாதம் பச்சைச் சோபா ஏழு விற்றது. மேலாளர் தன் விளம்பரத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் என்ன பேசினார்கள் என்று பல்காரர் மச்சானைத் துருவித் துருவிக் கேட்டார். ஒன்றும் பேசவில்லை என்றான். ஒரே ஒரு நாள் மட்டும், தன் மகளின் பெயரைக் காவலாளி அவனிடம் சொன்னாராம். என்ன பெயர் என்று பல்காரர் கேட்டார். மின்னல் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் படிவம் மின்னலின் கையில் திரும்பி வந்தது. காவலாளி அதில் "முழு மனத்துடன் மன்னித்து" என்ற சொற்களை மட்டும் அடித்துவிட்டு, கீழே கோணல் எழுத்தில் எழுதியிருந்தார். "மன்னிக்கவில்லை. ஓடலாம். இரண்டும் வேறு." அடியில் கையெழுத்து.

கூட்டம் திகைத்துப்போனது. மாட்டு டாக்டர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது, மாட்டுக்கான சான்றிதழே செல்லாது என்றார். மன்னிக்காதவர் எப்படி அனுமதிக்க முடியும் என்று செருப்புக்கடைக்காரர் மடக்கினார். அவர் வேண்டாம் என்றார், கணக்கம்மாள் வேண்டும் என்றார். தலைவர் வாக்களிக்கும் வழக்கமில்லை. எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

பல்காரர் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வேண்டும் என்றால் பெண்டாட்டிக்குப் பயந்து சொன்னான் என்பார்கள். வேண்டாம் என்றால் இனி எல்லாச் சாப்பாடும் மௌனத்தில்தான். இரண்டையும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தாளைப் பார்த்தார். மனிதர் எத்தனை நாள் யோசித்து இந்த ஒரு வரியை எழுதியிருப்பார் என்று தோன்றியது.

"நாமதானே அவர்கிட்ட கேட்டோம்? நாம செய்ய வேண்டிய வேலையை அவர் தலைல கட்டினோம். செஞ்சு குடுத்துட்டார். நமக்குப் பிடிச்ச மாதிரி எழுதலன்னு திருப்பி அனுப்பினா, அது ரெண்டாவது தடவை தள்ளி விடற மாதிரி." தண்ணீர் குடித்தார். "என் மச்சான் நல்லவனாயிட்டானான்னு எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கற மெஷின் எங்கிட்ட இல்ல. ஓடட்டும்."

செருப்புக்கடைக்காரர் எழுந்து ஜன்னல்பக்கம் போனார். தன் வாக்கு வேண்டாம் என்பதாகவே பதிவாக வேண்டும் என்றார். பல்காரர் அப்படியே பதிவு செய்தார்.

பந்தய நாளன்று காலையில் காவலாளி பல்காரருக்குப் போன் செய்தார். எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். நான்குக்கு என்றதும், நான் வரமாட்டேன் என்றார்.

"தோத்தா மட்டும் சொல்லுங்க சார். ஜெயிச்சா எனக்கு வேண்டாம்."

மின்னல் மூன்றாவது ஆளாக ஓடினான். கைமாற்றும் கோலை வாங்கும்போது ஐந்தாவது இடம், கொடுக்கும்போது முதலிடம். கடைசி ஆளான தபால்காரர் கோலை வாங்கி, வழக்கப்படி ஒரு கணம் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடினார். ஊர் இரண்டாவதாக வந்தது.

பல்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டாம் இடம் தோல்வியா வெற்றியா என்பதை அவரால் தீர்மானிக்க முடியவில்லை. மனைவி, போனைப் போடுங்க, பின்னாடி யாரும் வரல என்றாள். போட்டார். முதல் மணியிலேயே காவலாளி எடுத்துவிட்டார்.

"ரெண்டாவது அண்ணே."

"ரெண்டாவதுன்னா தோல்விதானே?"

"தோல்விதான்."

"நல்லது." ஆனால் போனை வைக்கவில்லை. "எவ்வளவு தூரத்துல தோத்தோம்?"

ஒரு கை நீளம் என்றார் பல்காரர். மின்னல் கொடுத்தபோது எந்த இடம் என்று காவலாளி கேட்டார். முதலிடம் என்று தெரிந்ததும் குரல் உயர்ந்தது. அப்படியானால் விட்டது யார், எப்படி விட்டார், கோலைத் தவறவிட்டாரா என்று குடைந்து குடைந்து கேட்டார். தபால்காரர் கோலைத் திருப்பிப் பார்த்த கதையைப் பல்காரர் சொன்னார்.

"விலாசம் தேடினாரா அதுல?" காவலாளி கோபமாகவே கேட்டார். "அடுத்த வருஷம் அந்த ஆளை மாத்துங்க சார். சொல்லிட்டேன்."