என்ன கொட்டியது

அப்பா போய்ச் சேர்ந்த மறுமாதமே அவர் அறைக்கு வாடகைக்கு ஆள் பிடித்துவிட்டான் அண்ணன். கார்பெட்டைச் சுத்தம் செய்ய மட்டும் தங்கை ஞாபகம் வந்தது. எனக்கு அதுதான் தொழில்.

கூடத்தில் கிடந்தது நைலான். நீராவி மெஷினைத் தாராளமாக ஓட்டினேன். அப்பா அறையில் இருந்ததோ கம்பளி. கட்டிலோரம் பாய் அகலத்துக்கு மஞ்சள் கறை. அறை முழுக்க வாசனை ஸ்பிரே அடித்து வைத்திருந்தான்.

"இதுல என்ன கொட்டுச்சுண்ணா? அதைப் பொறுத்துத்தான் எப்படிச் சுத்தம் பண்றதுன்னு பார்க்கணும்."

"டீ. அப்பாவுக்குக் கை நடுங்கும்ல."

ஈரத் துணியால் ஒற்றி முகர்ந்தேன். டீ இல்லை, மூத்திரம். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், அடிவரை ஊறி, காய்ந்து, மறுபடி ஊறியிருந்தது. ஒருநாள் இரண்டுநாள் வேலையில்லை. வரட்டுமா என்று நான் போனில் கேட்டபோதெல்லாம், "எதுக்கு? உள்ளங்கையில வச்சுத் தாங்குறோம்" என்றான் இந்த மகராசன்.

மூத்திரக் கறைக்குப் பச்சைத் தண்ணீரும் அதற்கென்று இருக்கும் மருந்தும்தான். சூடு பட்டால் கறையும் நாற்றமும் கம்பளியை உடும்பாகப் பிடித்துக்கொள்ளும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுண்ணா. டீதானா?"

"டீதான்னு சொல்றேன்ல! கூடத்துக்கு அடிச்ச ஆவியையே இதுக்கும் அடி. நாளைக்கு ஆள் வராங்க."

"நீ சொன்னா சரிண்ணா."

சூட்டை முழுசாக ஏற்றினேன். எத்தனை புட்டி வாசனை அடித்தாலும், அப்பா இனி அந்த அறையைக் காலி செய்யமாட்டார்.