இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

பல்கலைக்கழக ஆய்விதழில் சான்றுகளைச் சரிபார்ப்பவளுக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் காதுக்கு எட்டாமல் இருக்குமா? எட்டியது. அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. “காய்ச்சல்னு சொன்னாக்கூட ஆதாரம் கேப்பா” என்று கணவர் அலுத்துக்கொள்வார். அவள் அசர மாட்டாள், தெர்மாமீட்டரை நீட்டுவாள்.

அன்று அவள் மேஜையில் கிடந்தது, வெள்ளத்தில் இடிந்த ஒரு பழைய ரயில் பாலத்தைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் ஆறு வருடமாகத் தற்காலிகமாகவே காலம் தள்ளும் விரிவுரையாளர். இந்த இதழில் கட்டுரை வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் இடம் வேறொருவருக்கு. இதழ் மறுநாள் அச்சுக்குப் போகிறது.

‘பாலத்தின் ஏழு தூண்கள் சரிந்தன’ என்ற வரிக்கு அவர் முதலில் காட்டியிருந்த சான்று இணையக் கலைக்களஞ்சியம். போகிற வருகிறவரெல்லாம் திருத்துகிற இடத்தைச் சான்று காட்டுவதா? சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். மூன்றே நாளில் கட்டுரை திரும்பி வந்திருந்தது. கலைக்களஞ்சியத்தின் இடத்தில் இப்போது அறுபது வருடத்துக்கு முந்தைய பொறியாளர் அறிக்கை ஒன்று, பக்கம் 214.

பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மூன்று நாளுக்கு முன்பு இணையத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதருக்குத் திடீரென்று அந்த அறிக்கை எங்கிருந்து கிடைத்தது? கலைக்களஞ்சியத்தைத் திறந்தாள். அதன் அடிக்குறிப்பில் அதே அறிக்கை, அதே 214. ‘அப்படியே உருவிப் போட்டிருக்கார். புத்தகத்தைக் கண்ணால பாத்திருக்க மாட்டார்’ என்று முனகிக்கொண்டே நூலகத்தின் அடித்தளத்துக்கு இறங்கினாள்.

அறிக்கை இருந்தது. தூசியை ஊதிவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். 198. அதற்கு மேல் அட்டைதான். அங்கேயே நின்று முன்னும் பின்னும் தேடினாள். ஏழு தூண்கள் சரிந்ததாக ஒரு வார்த்தை இல்லை. அவள் மனம் துள்ளியது, அதை மறைப்பதற்கில்லை. கையும் களவுமாக ஒருவரைப் பிடிப்பதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

அறிக்கையோடு தன் அறைக்கு வந்து விரிவுரையாளரைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவள் அறிக்கையை அவர் முன்னால் தள்ளினாள்.

“இருநூத்திப் பதினாலாம் பக்கத்தக் கொஞ்சம் எடுத்துக் காட்டுங்க.”

அவர் புரட்டினார். காது மடல் சிவந்தது.

“பாக்கல மேடம். கலைக்களஞ்சியத்துல இருந்தத எடுத்துப் போட்டேன்.”

“யாரோ எழுதினத நம்பியா?”

“யாரோ இல்ல மேடம்.” அவர் தயங்கினார். “அந்த அடிக்குறிப்ப முழுசா பாத்தீங்களா? அறிக்கைக்கு அப்புறம், எங்கருந்து எடுத்ததுன்னு போட்டிருக்கு. உங்க ஆய்வேடு. அறுபத்தியோராம் பக்கம்.”

அவள் கணினியை மறுபடியும் திறந்தாள். பக்க எண்ணைப் பார்த்த அவசரத்தில் விட்டுவிட்ட அரை வரி அங்கே இருந்தது. அவளுடைய பெயர், அவளுடைய ஆய்வேடு, பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஆண்டு.

வெள்ள நிவாரணத்தைப் பற்றிய ஆய்வேடு அது. பாலம் அதில் ஒற்றை வரி. சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது நெறியாளர் பக்க எண் கேட்டார். நூலகம் பூட்டிக் கிடந்தது. ஏழு தூண் என்று யாரோ சொல்லக் கேட்டதுதான். அறிக்கை பெரிதாகத்தான் இருக்கும், இருநூறைத் தாண்டும் என்று நினைத்து ஒரு எண்ணைத் தட்டினாள். அப்புறம் மறந்தே போனாள். அந்த எண் மட்டும் அவளைவிடப் பிரபலமாகிவிட்டது.

“நீங்க போட்டிருக்கீங்கன்னுதான் மேடம் நான் தேடிக்கூடப் பாக்கல. உங்களவிட சந்தேகப்படுறவங்க யாரு இருக்கா?”

அவர் குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. பார்த்தேன் என்று அவர் முதலில் காட்டிய கலைக்களஞ்சியத்தையாவது அவர் உண்மையிலேயே பார்த்திருந்தார். அதை அடித்துவிட்டுப் பொய்க்கு அவரை விரட்டியது இவளுடைய சிவப்பு மை.

விரிவுரையாளர் குரலைத் தாழ்த்தினார். “அந்த வரிய எடுத்துடுறேன் மேடம். இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். நான் வெளில சொல்ல மாட்டேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பரிவா, பேரமா? எத்தனையோ பொய்ச் சான்றுகளை மோப்பம் பிடித்தவளுக்கு இது மட்டும் பிடிபடவில்லை. பரிவாகவே இருந்தாலும், இனி இவர் கட்டுரை வரும்போதெல்லாம் அவளுக்கு இந்தப் பேச்சு நினைவுக்கு வரும். வராவிட்டால் அது இன்னும் மோசம்.

“வரிய எடுத்துடுங்க. ஏன் எடுத்தீங்கன்னு ஆசிரியருக்கு நீங்களே ரெண்டு வரி எழுதிக் குடுங்க. மறைக்காம எழுதினா கட்டுரை நாளைக்கு அச்சுக்குப் போக நான் பேசறேன்” என்றாள். பிறகு, அவர் அறையை விட்டுப் போவதற்கு முன்னாலேயே, தொலைபேசியை எடுத்து ஆசிரியரை அழைத்தாள். தனியாக இருந்தால் மனம் மாறிவிடுமோ என்று அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம்.

“சார், ஒரு பொய்ச் சான்று சிக்கியிருக்கு. இல்லாத பக்கம்.”

மறுமுனையில் ஆசிரியர் உற்சாகமாகச் சிரித்தார். “பூதக்கண்ணாடின்னா சும்மாவா! யாருன்னு சொல்லுங்க, பட்டத்தையே பிடுங்கிடலாம்.”

அவள் தன் முழுப் பெயரையும் சொன்னாள்.