நன்றிப் பத்தியில் தூங்கிய குழந்தை

ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தபோது பாசி மேடத்தின் கணக்கில் நாற்பது கட்டுரைகள் இருந்தன. அவள் எழுதியது ஒன்பதுதான்.

பாசி மேடம் என்பது ஆய்வகத்தில் வைத்த பெயர். ஈரச் சுவரிலும் கல்லிலும் பச்சையாகப் படர்கிறதே, அந்தப் பாசி எப்படித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் பல வருடமாக அவளுக்குப் படிப்பு, பிழைப்பு, பேச்சு எல்லாம். அதைப் பற்றி ஒன்பது கட்டுரைகள். அவற்றை எத்தனை பேர் படித்தார்கள் என்று மட்டும் யாரும் அவளிடம் கேட்கக் கூடாது. கேட்டால் முகம் வாடிவிடும், பாவம்.

மீதி முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது? ஆராய்ச்சி உலகத்துக்கென்று ஒரு இணையதளம் இருக்கிறது. யார் எத்தனை கட்டுரை எழுதினார்கள், அதை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வேலை. படிப்பது அதன் வேலை இல்லை. கடல் தாண்டி எங்கோ இன்னொருத்தி, இதே பெயர், இதே இனிஷியல், தூக்கத்தையும் கனவையும் ஆராய்கிறவள். தளம் இரண்டு பேரையும் பிடித்து ஒரே ஆளாக்கிவிட்டது.

“கல்யாணம் ஆனதும் என் இனிஷியலைப் போட்டுக்கோன்னு சொன்னேன், கேட்டியா?” என்றான் வீட்டுக்காரன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பிரச்சினையையும் ஸ்குரூ டிரைவரோடு அணுகுகிறவன்.

“எங்கப்பா என்ன பாவம் பண்ணினார்? அவர் எழுத்து என்கூடவே இருக்கட்டும்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். பக்கத்து வீட்டு கூரியர் நம்ம வீட்டுக்கு வந்திருக்கு, அவ்வளவுதானே. திருப்பிக் குடுத்துடு.”

திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தாள். ‘தவறு இருந்தால் தெரிவிக்கவும்’ என்று பக்கத்தின் அடியில் ஒரு பட்டன்கூட இருந்தது. விரலை அதன்மேல் கொண்டுபோன வாரத்தில்தான் இயக்குநரிடமிருந்து தகவல் வந்தது. தற்காலிக வேலையில் இருப்பவர்களை நிரந்தரமாக்க நேர்காணல் வைக்கிறார்கள். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் அவளுடைய அறையை, தட்டுத் தட்டாகப் பாசி வளரும் அந்த ஈர அறையை, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஒன்பது கட்டுரையை வைத்துக்கொண்டு தேற முடியாது. அது அவளுக்கே தெரியும். பட்டனை அழுத்தாமல் விரலை எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் அந்தத் தளத்தைப் பார்த்து அவர்களே எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டார்கள். மறுநாள் வராந்தாவில் இயக்குநர் அவளை நிறுத்தினார்.

“என்னம்மா இது! ஒரு பக்கம் பாசி, ஒரு பக்கம் தூக்கம்! ரெண்டு துறையில கலக்கியிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!”

இரண்டு தலைப்புகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் படித்துப் பார்க்க நேரம் ஏது? பாசி மேடம் சிரித்தாள். அவள் செய்த குற்றம் அந்தச் சிரிப்பு மட்டும்தான். பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள்.

நேர்காணலில் கேட்டால் முழிக்கக் கூடாதே என்று அந்த முப்பத்தொன்றையும் படிக்க உட்கார்ந்தாள். அங்கே ஆரம்பித்தது.

அவள் அறையில் எப்போதும் மழை விட்ட நேரத்து வாசனை இருக்கும். மத்தியானத்தில் கண்ணாடிக் கூரை வழியாக வரும் வெயில் பச்சையாகிக் கீழே இறங்கும். தட்டுகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு மடியில் தாள்களை வைத்துக்கொண்டு படிப்பாள். அந்த இன்னொருத்தி நன்றாக எழுதியிருந்தாள். கனவில் செய்ததை நிஜமாகவே செய்துவிட்டதாக நம்புகிறவர்களைப் பற்றி. கனவில் கேஸை அணைத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனவர்கள். கனவில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அண்ணன் ஏன் இன்னும் பேசவில்லை என்று கோபித்துக்கொண்ட ஒரு மனுஷன். பாசி மேடம் படித்துக்கொண்டே கண்ணயர்வாள். கண்ணயர்ந்தால் வரிசையாகக் கட்டில்கள். தலையில் வயர் ஒட்டிக்கொண்டு தூங்கும் மனிதர்கள். அவர்கள் நடுவே சத்தம் வராமல் நடந்து, விலகிய போர்வையை இழுத்துவிட்டு, திரையில் ஓடும் மூளை அலையின் கோட்டைப் பார்த்து, “இதோ, கனவு வந்துடுச்சு” என்று தானே சொல்லிக்கொள்வாள். விழித்த பிறகும் விரலில் அந்தப் போர்வையின் சொரசொரப்பு இருக்கும்.

நாளாக ஆக எது படித்தது, எது கண்டது, எது செய்தது என்று பிரிக்க வரவில்லை. இருபதாவது கட்டுரைக்கு வந்தபோது அடுத்த வரி என்ன என்று அவளுக்கு முன்பே தெரிந்தது. இதை நான்தான் எழுதினேனோ என்று ஒரு கணம் பயந்தே போனாள்.

எல்லோரும் எடுத்துக்காட்டும் பெரிய கட்டுரை ஒன்று இருந்தது. அதன் கடைசியில் நன்றி என்று ஒரு பத்தி. பணம் தந்தவர்களுக்கு நன்றி, கருவி தந்தவர்களுக்கு நன்றி. அப்புறம் ஒரு வரி: ‘வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஆய்வகக் கட்டிலிலேயே தூங்கிப் பழகிய என் மகளுக்கு; மிக அமைதியான கோடுகள் அவளுடையவை.’

பாசி மேடம் அந்த வரியைத் தாண்டவே இல்லை.

அவளுக்குக் குழந்தை இல்லை. ஒரு காலத்தில் டாக்டர், ஸ்கேன், மாத்திரை என்று அலைந்தார்கள். பிறகு அந்தப் பேச்சை இருவரும் விட்டுவிட்டார்கள். யார் முதலில் விட்டது என்று ஞாபகம் இல்லை. அதெல்லாம் ஆறிப்போனது என்றுதான் நினைத்திருந்தாள்.

இப்போது கண்ணயர்ந்தால் கடைசிக் கட்டிலில் அந்தச் சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருப்பாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். நெற்றியில் வயர் ஒட்டிய இடத்தில் கொஞ்சம் சிவந்திருக்கும். பாசி மேடம் குனிந்து ஊதிவிடுவாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோர சீட்டில் அது மடிமேல் சாய்ந்துகொள்ளும். இறங்கும்போது கால் மரத்துப் போயிருக்கும், நிஜமாகவே. கடையில் சின்ன சாக்ஸ் ஒரு ஜோடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொக்கியில் மாட்டினாள். கடைக்காரப் பெண் “எத்தனை வயசும்மா?” என்று கேட்டபோது, “நாலு” என்று வாயில் வந்துவிட்டது. எதுவும் வாங்காமல் வேகமாகக் கடையை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஆனால் அந்த நாலு என்ற சொல் நாள் முழுக்க நாக்கில் இனித்தது.

நேர்காணல் நாள் வந்தது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஐந்து பேர். இயக்குநர் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஒருவர் கட்டுரைகளின் எண்ணிக்கையை வாசித்தார். இன்னொருவர் அவற்றை எடுத்துக்காட்டியவர்களின் எண்ணிக்கையை வாசித்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பாசியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அருவியாகக் கொட்டியிருப்பாள்.

“அப்போ முடிச்சுக்கலாமா?” என்று இயக்குநர் பேனாவை எடுத்தார்.

ஓரத்தில் இருந்த அம்மாள் கையைத் தூக்கினார். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட மூளை டாக்டர். நரைத்த தலை, சிரித்த முகம்.

“கேள்வி எதுவும் இல்லைம்மா. உங்க அந்தப் பெரிய கட்டுரையை நான் பல தடவை படிச்சிருக்கேன். கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்களே, என் பொண்ணு அங்கேயே தூங்குவான்னு. எனக்கும் அப்படித்தான், என் பையனை ஆஸ்பத்திரி பெஞ்சுல தூங்க வச்சு வளர்த்தேன். படிக்கறப்பல்லாம் நெனச்சுப்பேன். உங்க பொண்ணு இப்ப எப்படி இருக்கா?”

அறையில் எல்லோரும் புன்னகைத்தார்கள். நல்லா இருக்கா மேடம் என்று மூன்று வார்த்தை. அது போதும். வேலையும் அறையும் அவளுக்கு. கட்டுரைகளை வைத்துக்கொண்டது அவளை உறுத்தியது உண்மை, ஆனால் உறுத்தலோடு எத்தனையோ பேர் ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள். பாசி மேடம் வாயைத் திறந்தாள். கடைசிக் கட்டிலில் அந்தப் பெண் புரண்டு படுப்பது தெரிந்தது. எங்கோ ஒரு வீட்டில் இவளை நிஜமாகவே பெற்றவள் இருக்கிறாள், வயர் பட்டுச் சிவந்த இடத்தை நிஜமாகவே ஊதினவள். அவளுடைய உழைப்பை எடுத்துக்கொள்ள முடிந்தது. அவளுடைய மகளை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

“அவ என் பொண்ணு இல்லை மேடம்,” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

“அந்தக் கட்டுரை என்னுது இல்லை. முப்பத்தொண்ணு என்னுது இல்லை. அதை எழுதினவங்க வேற ஒருத்தங்க, எங்க பேர் ஒண்ணு, அதனால சேர்ந்துபோச்சு. எனக்கு முதல்லயே தெரியும். நான் எழுதினது ஒன்பது. எனக்குக் குழந்தையே இல்லை மேடம்.”

இயக்குநர் பேனாவை மூடினார். டாக்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. சும்மா கண் கலங்குவதல்ல, வாய்விட்ட அழுகை. மேலே போகிறவர்களும் கீழே போகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். ஃபோன் அடித்தது. வீட்டுக்காரன்.

“என்ன ஆச்சு?”

“உண்மையைச் சொல்லிட்டேன்.”

“நல்லதாப் போச்சு.”

“ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க.”

“பண்ணிக்கலாம். பாசித் தட்டையெல்லாம் நம்ம பால்கனிக்குக் கொண்டுவந்துடலாம். அதுக்கா இந்த அழுகை?”

“அதுக்கில்லை,” என்றாள். கட்டுரை, நன்றி, கட்டில், எங்கிருந்து ஆரம்பித்து எப்படிச் சொல்வது? வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடி நின்றது. பிறகு அவன் தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொன்னான். அந்தப் பெண்ணுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர். எந்தக் கட்டுரையிலும் இல்லாத பெயர்.

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தூக்கத்துல கூப்பிடறியே,” என்றான். “பதில் வரலைன்னா எழுந்து உட்கார்ந்து தேடுவே. அவ தூங்கிட்டா, நீயும் தூங்குன்னு நான்தான் சொல்லுவேன்.”